காய்வதும் ஆறுவதும்

நீர்வண்ண ஓவியம் பயிற்றுவிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஈரமான தேசங்களில் எழுதப்பட்டவை. தாளை நனை, மினுமினுப்பு அடங்கும்வரை காத்திரு, பிறகு அடுத்த வண்ணத்தை விடு என்று அவை சொல்லும்போது, அந்த இடைவெளியில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம் என்ற எண்ணம் அவற்றின் பின்னே இருக்கிறது. இங்கிலாந்தில் 1804ஆம் ஆண்டிலேயே நீர்வண்ணக்காரர்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த ஊர் வானமும் அதற்குத் தோதாக இருந்தது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், ஆடி மாத நண்பகலில், தாள் யாரையும் காக்கவைப்பதில்லை. தூரிகையைக் கிண்ணத்தில் அலசிவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்து, ஓரங்களில் கோடு கட்டிவிடுகிறது.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டுப் பயணம் வந்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகளை வரைந்தார்கள். பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். இடைப்பட்ட வறண்ட சீமையில் அவர்களைத் தடுத்து நிறுத்தும்படி எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் ஆட்களே இந்த மண்ணை எழுதிய அளவுக்கு வரையவில்லை. கி. ராஜநாராயணன் கரிசலுக்கென்று தனி அகராதியே தொகுத்தார். மல்லாங்கிணற்றிலிருந்து எழுத வந்த எஸ். ராமகிருஷ்ணனின் கதைகளில் இந்த வெயில் ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. ஓவியத்தில் அப்படி யாரையும் சட்டென்று சொல்ல வரவில்லை. பச்சை இல்லாத இடத்தில் வரைய என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்களோ என்னவோ.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்துப் புராணம் வெள்ளத்தைப் பற்றியது. பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற பதினான்கு தலங்களுள் ஒன்றான திருச்சுழியில், பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியைத் துளைத்துச் சுழித்து உள்ளே இறக்கியதாகத் தலபுராணம் கூறும். அப்போது இறங்கிய நீர் இன்னும் மேலே வரவில்லை என்பது எங்கள் ஊர்க் கேலி. ஊரை ஒட்டி ஓடும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஓடுவது மணல்தான். ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டி முடிந்துவிடும். மற்ற நாட்களில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சிறுவயதில் அந்த வெடிப்பில் கோலிக்குண்டைப் போட்டுவிட்டு அது விழும் சத்தம் கேட்கக் காதை வைத்துப் படுத்திருக்கிறோம்.

அந்த வெடிப்பு வயலோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் வீடு கட்டியவனின் துயரம். கரிசல் மண்ணில் மிகுதியாக இருக்கும் ஒருவகைக் களிமம் நீரைக் குடித்தால் உப்பும், வற்றினால் சுருங்கும். மேலே நிற்கும் வீடு ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை மூச்சை இழுத்து ஒருமுறை விடுகிறது. இத்தகைய மண்ணுக்கென்றே அடிப்பகுதி குமிழ்போல விரியும் தூண் அடித்தளத்தை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. என் தாத்தா அதற்கெல்லாம் முந்தியவர். சுக்கான் தட்டும்வரை தோண்டி, மணல் போட்டு, கல் அடுக்கி எழுப்பிவிட்டார். எழுபது ஆண்டுகள் வீடு நின்றது. பிறகு வடக்குச் சுவரில் நிலைப்படி மூலையிலிருந்து ஒரு விரிசல் மேல்நோக்கிக் கிளம்பி, மச்சு உத்திரத்தைத் தொட்டது.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சென்னைக்கு வரமாட்டாள். "இந்த வீட்டுலதான் கண்ண மூடணும்" என்று அவள் சொல்லும்போது அது பாசமா பிடிவாதமா என்று பிரித்தறிய முடியாது. இடித்துவிட்டுக் கட்டலாம் என்றார்கள் உறவினர்கள். என் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் சுவரையும் மச்சையும் சரிசெய்துவிட வேண்டும் என்று நான்கு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். பெட்டியில் இரண்டு பருத்தித் தாள் கட்டுகளும் கேம்லின் குழாய் வண்ணங்களும் இருந்தன. பகலில் வேலையாட்களைப் பார்ப்பது, அதிகாலையில் வரைவது என்பது திட்டம்.

ஆனி மாதத்தின் மூன்றாம் நாள். மச்சின் பழைய உத்திரத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்க்கக் கல்போல இருந்த மரம். உள்ளே கரையான் மாவாக்கியிருந்தது யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. கயிறு தாங்கிய இடத்திலேயே அது இரண்டாக முறிந்தது. ஒரு துண்டு சுவரில் மோதித் திரும்பி என் வலது மணிக்கட்டின்மேல் விழுந்தது. வலி உடனே வரவில்லை. கை தொங்கிய கோணம்தான் முதலில் கண்ணில் பட்டது. சாப்பாட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. ஆர எலும்பின் முனை முறிந்திருக்கிறது, ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் அம்மா, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் வைத்து மூங்கில் பத்தை கட்டும் வைத்தியரிடம் போயிருக்கலாமே என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு போடும்போது சூடேறியதைச் சொன்னேன். "அதுவும் சுண்ணாம்பு மாதிரிதான் போல" என்றாள். ஏறக்குறைய சரி. ஜிப்சத்தைச் சுட்டு நீரை விரட்டிய பொடி, மறுபடி நீரைக் கண்டதும் அதை உள்ளிழுத்துக் கல்லாகிறது. அந்தச் சூடு அதனுடையது.

வலக்கை போனதும் முதலில் போனது கோடு. நான் பென்சிலை நம்பியவன். தேரின் குமிழையும் கோபுரத்தின் தளங்களையும் எண்ணி எண்ணி வரைந்துவிட்டு, அதற்குமேல் வண்ணத்தைத் தயங்கித் தயங்கிப் பூசுகிறவன். சிறுவயதில் ஆனந்த விகடன் பழைய இதழ்களில் சில்பியின் கோயில் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒருவகைத் தீராத நோய். இடக்கையோ ஒரு செங்குத்துக் கோட்டைக்கூடச் சொன்னபடி போடவில்லை. ஒரு வாரம் தாள்களைத் தொடவில்லை.

அந்நாட்களில் மனோகர் தேவதாஸை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். மதுரையில் 1936இல் பிறந்தவர். விழித்திரையை மெல்ல மெல்லக் கொள்ளைகொள்ளும் நோயோடு வாழ்ந்தவர். பார்வை குறுகிக்கொண்டே வந்த ஆண்டுகளில், பேனாவும் மையும் கொண்டு யானைமலையையும் மதுரைத் தெருக்களையும் நுண்கோடுகளால் நிரப்பினார். அவருடைய மனைவி மகிமா 1972இல் நேர்ந்த சாலை விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2008இல் மறையும்வரை அவரைத் தேவதாஸ் உடனிருந்து பேணினார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022 டிசம்பரில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கை என்ற சொல்லில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. அந்தப் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. ஒரு நேரத்தில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்குள் முழு வேலையையும் செய்துவிட்டு, பிறகு அடுத்த துண்டுக்கு நகர்ந்த ஒருவரின் பொறுமை. என் கை ஆறு வாரத்தில் திரும்பிவிடும். அதை அவரோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் அந்தத் துண்டு துண்டான முறை மட்டும் மனத்தில் தங்கியது.

இடக்கையால் கோடு போட முடியாது. தண்ணீரைப் பரப்ப முடியும். இரண்டு அங்குலப் பட்டைத் தூரிகையைப் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசினால் தாள் நனையும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பையும் ஈரத்தில் சந்திக்கவிட்டால், இரண்டும் முழுதாகக் கலக்காமல் பிரிந்து, தாளின் குழிகளில் மணல்போலப் படியும் ஒரு சாம்பல் கிடைக்கும். அது அச்சு அசல் கரிசல். பென்சில் இருந்த நாட்களில் எனக்கு ஒருமுறைகூட அகப்படாத நிறம் அது.

சிக்கல், முன்பே சொன்ன காய்ச்சல். ஆடி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று வெயிலைவிடக் கொடியது. ஈரத்தை நக்கிக்கொண்டு போய்விடும். சென்னையில் மார்கழிக் காலையில் பத்து நிமிடம் ஈரம் தாங்கும் அதே தாள் இங்கே இரண்டு நிமிடம் தாங்கவில்லை. கிளிசரின் சேர்த்துப் பார்த்தேன். வண்ணம் பிசுபிசுத்ததோடு சரி.

விடை சுவர் வேலையிலிருந்து வந்தது. சிமென்ட் பூச்சு இந்தப் பழைய சுவருக்கு ஒத்துவராது, சுண்ணாம்புக் காரைதான் வேண்டும் என்று தேடிப்பிடித்து வந்த கொத்தனாருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பக்கத்தில் பந்தல்குடி மண்ணுக்கடியில் கிடப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்தான். அது சிமென்ட் ஆலைக்குப் போய் மூட்டையாகத் திரும்புகிறதே தவிர, நீற்றிய சுண்ணாம்பாக வாங்க நாங்கள் அலைய வேண்டியிருந்தது. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்த காரையைப் பூசி முடித்ததும், அவர் செய்த முதல் வேலை சன்னல்களில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டது.

"எதுக்குண்ணே? காய வேண்டாமா?" என்றேன்.

"காரை காயக் கூடாது தம்பி. ஆறணும். காய்ஞ்சா பொரிஞ்சு போகும், ஆறுனா கல்லு."

இதைவிடத் துல்லியமாக எந்த வேதியியல் நூலும் சொல்லவில்லை. சுட்ட சுண்ணாம்புக்கல் தன் கரியமில வாயுவை இழந்து நிற்கிறது. காற்றிலிருந்து அதை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்றுத்தான் மறுபடி கல்லாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஈரம் சட்டென்று போய்விட்டால் வேலை பாதியில் நின்று, தொட்டால் உதிரும் பொடிதான் மிச்சம். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர் ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டப்பட்டவை என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு. அந்த ஓவியர்களும் இதே போட்டியில்தான் நின்றிருப்பார்கள். சுவர் ஆறி முடிவதற்குள் கை முடித்தாக வேண்டும்.

மறுநாள் என் மேசையைக் காரை பூசிய அறைக்கு மாற்றினேன். சன்னலில் ஈரச் சாக்கு, மூன்று பக்கமும் வியர்க்கும் சுவர். தாளின் அடியில் நனைத்த துணியை விரித்தேன். ஈரம் ஏழு நிமிடம் நின்றது! பிறகு யோசித்தால் இது ஒன்றும் புதிதில்லை. அருப்புக்கோட்டை நெசவாளர் பாவு தோய்வது வெயில் ஏறுவதற்கு முன் விடிகாலைத் தெருவில். குழித்தறியில் தரைக்குக் கீழே கால் வைத்து நெய்வதற்கு ஒரு காரணம், மண்ணின் குளிர்ச்சியில் நூல் எளிதில் அறாது என்பது. வறண்ட ஊரில் ஒவ்வொரு தொழிலும் ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் தந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. நான்தான் இத்தனை நாளும் இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீர்வண்ணத்தில் நிறத்தைத் தாளோடு பிணைப்பது வேலம்பிசின். இன்று அது பெருமளவு வருவது ஆப்பிரிக்காவில் சூடான் போன்ற வறள்நிலங்களில் வளரும் ஒரு வேல மரவகையிலிருந்து. எங்கள் கண்மாய்க்கரையில் நிற்கும் நாட்டுக் கருவேலும் அதன் உறவுதான். அதன் பிசினும் ஒருகாலத்தில் அதே பெயரில் வணிகமாயிற்று. வளமான தண்ணீரில் நிற்கும் மரம் பிசின் விடாது. மழைக்காலம் முடிந்து, மண் வற்றி, மரம் தவிக்கத் தொடங்கும்போது பட்டையைக் கீறினால், அந்தப் புண்ணை அடைக்க மரம் கசியவிடுவதே பிசின். கையில் கட்டோடு கண்மாய்க்கரையில் ஒரு மாலை அதைச் சுரண்டி எடுத்து, வெந்நீரில் கரைத்து, சுவரில் சுரண்டிய காவியைக் குழைத்து ஒரு வண்ணம் செய்தேன். கொஞ்சம் நறநறத்தது. ஆனால் ஒட்டியது.

(கருவேலைப் பற்றிப் பேசிவிட்டுச் சீமைக்கருவேலைப் பேசாமல் இருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தச் சீமையையே விழுங்கிய மரம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே ஏராளம். நீர்வண்ணக்காரர்கள் எல்லோரும் விரும்பி வரையும் பனிமூட்டம் எங்கள் ஊரில் கிடையாது. விடிகாலையில் வயல்மேல் தாழ்வாகப் படர்ந்து நிற்பது மூட்டப் புகைதான். கண் எரியும். வரைய அழகாகத்தான் இருக்கிறது.)

வடக்குச் சுவரைக் கடைசிக்கு விட்டிருந்தோம். அங்கே பழைய காரை முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். சுரண்டத் தொடங்கியபோது சுண்ணாம்புப் பூச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மேலே வெள்ளை, கீழே சலவை நீலம் கலந்த வெளிர்நீலம், அதற்குக் கீழே மஞ்சள், இன்னும் கீழே காவி. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பூச்சு. ஆனால் மாடக்குழியை ஒட்டிய ஒரு முழச் சதுரத்தை மட்டும் அய்யா யாரையும் வெள்ளையடிக்க விட்டதில்லை. அங்கே கரித்துண்டாலும் பிறகு பென்சிலாலும் அவர் மழையை எழுதிவைத்திருந்தார். மில்லிமீட்டரில் அல்ல, உழவில். பெய்த மழையின் ஈரம் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே ஒரு உழவு, இரண்டு உழவு என்ற கணக்கு. வானம் எவ்வளவு கொட்டியது என்பது சம்சாரிக்கு முக்கியமில்லை. மண் எவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதே முக்கியம். "77 ஐப்பசி, நாலு உழவு, கண்மாய் மறுகால்" என்று ஒரு வரி. அதன் கீழே மூன்று வரிகள் தொடர்ந்து "அரை" என்று மட்டும்.

விரிசல் அந்தச் சதுரத்தின் நடுவே போயிருந்தது. காப்பாற்ற வழி உண்டா என்று கேட்டேன். கொத்தனார் நீண்ட நேரம் விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே பொள்ளலாக ஓசை வந்தது. "நிக்காது தம்பி. வெள்ளிக்கிழம கொத்திருவோம். அதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சுக்க." அன்று திங்கட்கிழமை.

செல்பேசியில் படம் எடுத்தாயிற்று. எழுத்து தெளிவாகவே விழுந்தது. ஆனால் காரையின் மஞ்சளித்த வெண்மை, விளக்குப் புகை ஏறிய மேல்விளிம்பு, தானிய மூட்டை உராய்ந்து வெளிறிய கீழ்ப்பகுதி எதுவும் அதில் இல்லை. தாளை நான்காகப் பிரித்துக்கொண்டேன். நாளுக்கு ஒரு துண்டு. ஈரம் இருக்கும் ஏழு நிமிடத்துக்குள் ஒரு துண்டின் சுவரை முடித்துவிட வேண்டும், ஆறியபின் எழுத்து. அய்யாவின் கையெழுத்தை என் இடக்கை எழுதவில்லை. எழுத்தென்று நினைத்தால் கை நடுங்கியது. கறையென்று நினைத்து, எங்கே கருமை அடர்ந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து ஒற்றினால் எழுத்து தானாக வந்தது. விரிசலையும் விடவில்லை. அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "வெடிச்சதப் போயி எதுக்குய்யா படமெழுதுற, அதயாச்சும் விட்டுப்புடலாம்ல" என்றாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உளி விழுந்தது. பத்து மணிக்குச் சதுரம் இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. அம்மா அன்று அந்த அறைப்பக்கம் வரவில்லை.

ஆவணி இரண்டாம் வாரம் கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் செதிலாகி, யாருடையதோ போல இருந்தது. மென்பந்தை அமுக்கும் பயிற்சி நடக்கிறது. குடத்தைத் தூக்கக் கூடாது. மச்சு வேலை புரட்டாசிக் கடைசியில் முடிந்தது. கடன் நான் நினைத்ததைவிட அதிகம்.

படம் இப்போது அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒருநாள் மாலை மின்சாரம் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றி வாசலுக்கு எடுத்துவந்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டச் சொன்னாள். 83இல் நிறுத்தினாள்.

"அதுக்குக் கீழ ஒண்ணு இருக்குமே."

நான் அங்கே தீட்டியிருந்தது மூட்டை உராய்ந்த வெளிறல் மட்டும்தான். சுவரிலும் அந்த இடத்தில் எழுத்து தெரியவில்லை என்றேன்.

"அழிஞ்சிருக்கும். பங்குனியில பேஞ்ச மழை. காலமில்லாத மழை. ஒந்தங்கச்சி பெறந்த ராத்திரி. ஒங்கய்யா நனைஞ்சுக்கிட்டே போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தாரு. வெளக்கு வெளிச்சத்துல ஈரக்கையோட எழுதுனாரு, அதான் நிக்கல."

பென்சிலை எடுத்தேன். எத்தனை உழவு என்று கேட்டேன். அம்மா தெருவைப் பார்த்தபடி சற்று நேரம் யோசித்தாள்.

"ரெண்டுன்னு போடு. மூணெல்லாம் இருக்காது."